மேட்டு நிரை

என் பெண்டாட்டி லில்லிக்குப் பொறாமை உண்டு. புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அவளே வாய்விட்டுச் சொல்லுவாள். பொறாமை ஏழு பெரும் பாவங்களில் ஒன்று என்று சாமியார் பிரசங்கம் வைத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலை விட்டு வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, மற்ற ஆறும் தன்னிடம் கிடையாது, இது ஒன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். கோபமும் அந்த ஏழில் ஒன்று. நான் நினைவூட்டவில்லை.

ஆனால் ஊரில் உள்ளவர்கள் எல்லார் மேலும் பொறாமைப்பட அவளுக்கு நேரமில்லை. செனாவாங்கில் எங்கள் தெருவில் யார் மாடி கட்டினாலும் போய் நின்று, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு வருவாள். அவள் வயிற்றெரிச்சல் மொத்தமும் ஒரே ஆளுக்கு என்று எடுத்து வைத்தது. அந்த ஆள் மாதவி. சிரம்பானில் மாதவி வீட்டு வாசலில் புதிதாக ஒரு பூந்தொட்டி வந்தால், செனாவாங்கில் எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கூடிவிடும்.

இருவரும் தம்பின் பக்கத்தில் மூணுகல் தோட்டத்தில் ஒரே லயத்தில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அம்மாக்களும் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்கள். லில்லியின் அம்மா சவரியம்மாள், மாதவியின் அம்மா பாவாயி. இரண்டு பேரும் இப்போது இல்லை. தோட்டமும் இல்லை. செம்பனை போட்டு, அதையும் பிடுங்கி, இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வெட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று வரிசை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்கு நிரை என்று பெயர். ரோட்டோர நிரை கிடைத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள். சமதரை, பால் நிறுக்கும் கொட்டகையும் பக்கத்திலேயே. மேட்டு நிரை கிடைத்தால் போன ஜென்மத்துப் பாவம். விடியுமுன்னே மேடு ஏற வேண்டும், வெட்டி முடித்து, தோளில் காண்டாக் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, வழுக்கும் சரிவில் ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்க வேண்டும். யாருக்கு எந்த நிரை என்பது வேலை பிரிக்கும் மண்டோர் வாயில் இருந்தது. மூணுகல் தோட்டத்து மண்டோர் பாவாயியின் கூடப் பிறந்த அண்ணன். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மாமியார் வேலை செய்த காலம் முழுவதும் மேட்டு நிரைதான் வெட்டினார். கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். வலது தோள் இறங்கியே இருக்கும். ரவிக்கை தைக்கிறவள் அளவெடுக்கும்போதெல்லாம் நேராக நிற்கச் சொல்லுவாள். நேராகத்தான் நிற்கிறேன் என்பார் கிழவி.

லில்லியின் எரிச்சல் தோளைப் பற்றியது இல்லை, தலைமுடியைப் பற்றியது. இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று, இரண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு மத்தியானம்தான் பள்ளி. ரோட்டோர நிரை வெட்டிய பாவாயி சீக்கிரமே பால் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளை உட்கார வைத்து எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிடுவார். சவரியம்மாள் மேட்டிலிருந்து இறங்குமுன் பஸ் போய்விடும். லில்லி தானே கையால் வாரிக் கோணலாக ஒரு சடை போட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில், அந்த இரட்டைச் சடைக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போவாள். மாதவி படித்து டீச்சரானாள். லில்லி படிவம் மூன்றோடு நிறுத்திக்கொண்டு செனாவாங்கில் ஃபேக்டரிக்குப் போனாள். இத்தனைக்கும் சேர்த்து அவளுக்கு நினைவிருப்பது அந்த ரிப்பன்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிரம்பான் பூங்காவில், ஏரிக்குப் பக்கத்துச் சரிவில், தோட்டத்துப் பெண்களின் ஞாபகமாக ஒரு சிற்ப வேலை வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. செய்தவள் அர்ச்சனா என்ற சின்னப் பெண், சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை, வெளிநாட்டில் சிற்பம் படித்தவள். ஆள் உருவச் சிலை எதுவும் கிடையாது. துருப்பிடித்த நிறத்தில் ஆளுயர இரும்பு மரங்கள், நிரை நிரையாக. ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு வெட்டு, வெட்டின் கீழே கம்பி வளையத்தில் பால் பிடிக்கும் மங்கு. நிஜமான பழைய மங்குகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் மரம் வெட்டிய ஒரு பெண்ணின் பெயரை எழுதிச் சுட்டிருந்தாள்.

பெயர்களைத் திரட்டும் குழுவில் மாதவி இருந்தாள். ரிட்டையர்டு டீச்சர் என்றால் எல்லாக் குழுவிலும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். தன் அம்மாவின் பெயரோடு சவரியம்மாள் பெயரையும் அவளே கொடுத்திருந்தாள். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தாள்.

“ஒங்கம்மாவ எங்க வச்சிருக்கேன்னு நீயே வந்து பாரு லில்லி. இப்ப சொல்ல மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு லில்லி சந்தோஷமாகத்தான் இருந்தாள். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு வைக்கிற நேரம் வரைக்கும் இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள், வைத்திருக்கிறேன் என்று சொல்ல அவள் யார், அவள் மாமாதான் மண்டோர், அவளுமா என்று ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்த என்னை உட்காரக்கூட விடாமல் மோட்டாரை எடுக்கச் சொன்னாள்.

பூங்காவில் அர்ச்சனா இல்லை. வேலையாட்கள் புல் பத்தை பதித்துக்கொண்டிருந்தார்கள். லில்லி கீழிருந்து பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். நடைபாதையை ஒட்டி, ஓட வருகிறவன் நடக்க வருகிறவன் எல்லார் கண்ணிலும் முதலில் படுகிற மரத்து மங்கில் பாவாயி. அடுத்த வரிசையில் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. சரிவில் ஏறி, மூச்சு வாங்கி, மேட்டின் உச்சியில் ஒற்றையாக நின்ற மரத்தில் சவரியம்மாள் என்று பார்த்தாள். அதற்குப் பின்னால் பூங்காவின் பொதுக் கழிப்பறை. பக்கத்தில் ஒரு கருப்புத் தண்ணீர்த் தொட்டி.

“பாத்தீங்களா? செத்தும் எங்கம்மாவுக்கு மேட்டு நெரைதான். அதுவும் கக்கூஸ் தொட்டிக்குக் கீழ.”

சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் கொடுத்திருப்பார்கள் என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சீட்டுக் குலுக்கினால் அவள் அம்மா ரோட்டோரமும் இவள் அம்மா மேட்டிலும் அத்தனை சரியாக வருமா என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. நான் தம்பினுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எனக்கும் ரோட்டோரம் என்றால் ரோட்டோரம், மேடு என்றால் மேடு. அதோடு, மாதவியின் வீட்டுக்காரர் சுகுமாறன் போன மாதம் வாங்கிய வெள்ளைக் காரில், பின்னால் போகும்போது படம் காட்டுகிற கேமரா இருக்கிறது. அதை அவர் எனக்கு மூன்று தடவை காட்டிவிட்டார். லில்லி மாதிரி நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. மாதவிக்குப் போன் செய்து கேட்டுவிடு என்றேன். கேட்டால் அவள் டீச்சர் பாஷையில் பத்து காரணம் சொல்லுவாள், கடைசியில் நாம்தான் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும் என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஆமா, பொறாமைதான். எனக்கு வீடு வேணாம், காரு வேணாம். எங்கம்மா பேரு ஒரு நாளாச்சும் அவங்கம்மாவுக்கு முன்னால நிக்கணும். அவ்ளோதான்லா.”

மறுநாள் காலை ஒன்பதுக்கு விழா. விடிந்தும் விடியாமல் நாங்கள் பூங்காவில் நின்றோம். ஏரிக்கரையில் சீனப் பாட்டிமார் விசிறியை விரித்து மடக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பந்தல் போட்டாகிவிட்டது, ஆட்கள் யாரும் வரவில்லை. நேற்றே லில்லி கவனித்திருக்கிறாள்: மங்குகள் தோட்டத்தில் போலவே கம்பி வளையத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தன. விழா முடிந்த பிறகுதான் பசை போட்டு இறுக்குவார்களாம், வேலையாளிடம் கேட்டே வைத்திருந்தாள்.

மேட்டுக்குப் போனாள். பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு போய்ப் பால் எடுத்த கை. ஒரு திருகு, ஒரு தூக்கு, மங்கு கையில் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் இறங்கி வந்தாள். கீழே பாவாயியின் மங்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“பாவாயி அத்தைய நீங்க கொண்டுபோய் வைங்க. நான் அவங்கள மேட்டுக்குச் சொமக்க மாட்டேன்.”

ஆகவே மாதவியின் அம்மாவை மேட்டுக்கு ஏற்றியது என் கைதான். ஒரு சீனப் பாட்டி நின்று பார்த்தார். நான் செக்யூரிட்டி வேலைக்குப் போகிற நீலச் சட்டையில் இருந்ததால், நல்ல வேலை என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

ரோட்டோர மரத்தில் சவரியம்மாள் என்ற பெயர் காலை வெயிலில் பளிச்சென்று நின்றது. லில்லி அதைப் பார்த்து நின்றாள், நகர்ந்து போய்ப் பார்த்தாள், நடைபாதையில் நடந்துவருகிறவள் மாதிரி தூரத்திலிருந்து நடந்து வந்து பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. பக்கத்து மாமாக் டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே குடித்தோம். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். கல்யாணமான புதிதில் செய்தது, அதற்குப் பிறகு அன்றுதான்.

ஒன்பது மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. பல தோட்டத்துக் குடும்பங்கள், பத்திரிகைக்காரர்கள், மாலை போட்டு அழைத்து வந்த, அரசுப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ. மாதவி மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் குழு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். லில்லி பந்தலுக்குள் உட்காரவே இல்லை. ரோட்டோர மரத்தின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வாசலில் விருந்தாளியை வரவேற்கிறவள் மாதிரி நின்றாள். டத்தோ முதலில் இங்கேதான் வருவார், படம் எடுப்பார்கள், நாளைக்குப் பேப்பரில் வரும், மாதவி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கையை ஊன்றியிருந்த விதமே சொல்லிற்று.

அர்ச்சனா ஒலிவாங்கியைப் பிடித்தாள். பால் என்பது மேட்டில் பிறந்து கீழே வருவது, அதனால் தன் தோட்டமும் மேட்டில்தான் தொடங்குகிறது என்றாள். உச்சியில் இருக்கிற தொட்டியைத் திறந்தால் பால் நிறத் தண்ணீர் முதல் மரத்து மங்கில் விழும், அது நிறைந்து வழிந்து அடுத்த மரத்துக்கு, அப்படியே நிரை நிரையாகக் கீழே இறங்கும். முதல் மரத்துக் குடும்பம் வந்து திறந்துவைக்க வேண்டும் என்று அழைத்தாள்.

நான் லில்லியைப் பார்த்தேன். அவள் மேட்டைப் பார்த்தாள். கழிப்பறைத் தொட்டி என்று இரண்டு பேரும் நினைத்தது கழிப்பறைத் தொட்டி இல்லை.

அதற்குள் டத்தோ, பத்திரிகைக்காரர்கள் என்று எல்லாக் கூட்டமும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டது. முன்னால் போன மாதவி பாதிச் சரிவில் திரும்பி, வா வா என்று லில்லிக்குக் கையசைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. லில்லியால் கையை மரத்திலிருந்து எடுக்க முடியவில்லை. மாதவி இன்னும் இரண்டு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு, உச்சிக்குப் போய், மங்கைப் பார்த்தாள்.

கீழேயிருந்து எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அப்படியே நின்றாள். அர்ச்சனா கையிலிருந்த தாளையும் மங்கையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாதவி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மெல்லத் திரும்பி, கீழே ரோட்டோர மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற லில்லியைப் பார்த்தாள். அத்தனை தூரத்திலும் அந்தப் பார்வை எனக்குத் தெரிந்தது. ஓடி வந்து அறைவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டத்தோ பக்கத்தில் போய் நின்று, குழாயைத் திறந்தாள்.

பாவாயியின் மங்கில் வெள்ளையாக விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கேமராக்கள் வெட்டி வெட்டி மின்னின. மங்கு நிறைந்து வழிந்து அடுத்ததற்கு, அடுத்ததற்கு என்று நிரை நிரையாகப் பால் இறங்கி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கடைசி வரிசைக்கு வருமுன் டத்தோவுக்குத் தேநீர் நேரம் வந்துவிட்டது, குழாயை அடைத்துவிட்டார்கள். என் மாமியாரின் மங்குக்கு வந்தது இரண்டு சொட்டு. அதைப் பார்க்க எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். நானும் கூடமாட உதவி செய்திருந்தேன்.

மாதவி கூட்டத்தை விட்டுவிட்டு நேராகக் கீழே வந்தாள். பட்டுச் சேலை சேற்றில் இழுபட்டது. வந்து லில்லியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எங்கம்மாவுக்குக் கெடச்சதெல்லாம் ஒங்கம்மாகிட்டேருந்து புடுங்குனதுதான்டி. எனக்குத் தெரியும். அதான் கமிட்டில சண்ட போட்டு மொத மரத்த சவரியம்மா அத்தைக்கு வாங்குனேன். நீ அதையும் எங்கம்மாவுக்கே குடுத்துட்டு இங்க வந்து நிக்கிற.”

லில்லி வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறந்தால் உண்மைதான் வரும், கேட்கிறவன் தாங்கினாலும் தாங்காவிட்டாலும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மாதவி என் பக்கம் திரும்பி, உங்களுக்கும் பெரிய மனசு அண்ணே என்றாள். அண்ணன் தலையை ஆட்டி வைத்தான்.

கூட்டம் கலைந்ததும் அர்ச்சனா பசைக் குழாயோடு இரண்டு வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். தாளில் உள்ள வரிசையும் மரத்தில் உள்ள வரிசையும் ஒத்துப்போகவில்லை என்றாள். நாங்கள் மனமொத்து மாற்றிக்கொண்டோம் என்று மாதவியே பதில் சொல்லிவிட்டாள். ஆனாலும் அந்தப் பெண் லில்லியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆன்ட்டி, இப்படியே ஃபிக்ஸ் பண்ணிடவா? ஒட்டிட்டா அப்புறம் எடுக்க முடியாது. மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க.”

ஒரு வார்த்தை போதும். மேட்டுக்குப் போய் இரண்டு மங்கையும் மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை. பெயரெழுதிய மங்கு முதல் மரத்தில் என்றைக்கும் நிற்கும், குழாய் திறக்கும்போதெல்லாம் முதல் பால் சவரியம்மாளுக்கு. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லில்லியின் கை இன்னும் மாதவியின் கைக்குள்தான் இருந்தது. மாதவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். லில்லி மேட்டைப் பார்த்தாள், பிறகு அந்தக் கையைப் பார்த்தாள்.

“ஒட்டிரும்மா” என்றாள்.

வேலையாள் மங்கைத் தூக்கி, அடியில் பசை வைத்து, வளையத்தில் அழுத்தினான். அவன் கட்டைவிரலை எடுக்கும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதவி காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாள். மோட்டார் இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். செனாவாங் ரோட்டில் திரும்பினோம். என் முதுகில் அவள் ஹெல்மெட் முட்டி முட்டி நின்றது. சிவப்பு விளக்கில் நின்றபோது, எடுத்தது கலர்ப் படமா, நாளைக்குப் பேப்பரில் வருமா என்று எதையாவது கேட்பாள், ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னாங்க” என்றாள். “விட்டுக்குடுக்குற மனசு அவளுக்கு இருந்திருக்கு. எனக்கு இல்ல. இதுலயும் அவதான் முன்னால போயிட்டா.”

பச்சை விழுந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் மோட்டாரை நகர்த்தினேன்.